67 கட்டம், மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமை: ஒரு 21 இலக்க எண்ணின் கதை

இன்னைக்கு எபிசோடுல ராஜா கிடையாது, போர் கிடையாது, கோட்டை கிடையாது. ஒரே ஒரு எண்தான். அதை முதல்ல ஒரு தடவை படிச்சுடறேன். நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டாம்.

147573952589676412927.

மொத்தம் 21 இலக்கம். நம்ம கணக்குல சொன்னா, ஏறத்தாழ பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. இது எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டா, உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு கதையிலிருந்தே சொல்லலாம். சதுரங்கப் பலகையில முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு நாலுன்னு இரட்டிப்பாக்கிக்கிட்டே போய், கடைசியில ராஜாவோட களஞ்சியமே காலியாகிற கதை. அந்தப் பலகையில 64 கட்டம். இன்னும் மூணு கட்டத்தைப் பக்கத்துல ஒட்டி 67 ஆக்குங்க. இப்ப மொத்தப் பலகையிலயும் இருக்கிற அரிசி எத்தனையோ, அதுதான் நம்ம எண். கணக்குப் புத்தகத்தில் எழுதுவது போலச் சொன்னால்: 2-இன் 67-ஆம் அடுக்கு, அதில் ஒன்று குறைவு.

இந்த எண்ணைப் பத்தி 1644-ல ஒரு புத்தகம் ஒரு தீர்ப்பு சொன்னது. 1876-ல ஒருத்தர் அது தப்புன்னு நிரூபிச்சார். 1903-ல இன்னொருத்தர் அது தப்புன்னு எல்லார் கண் முன்னாடியும் காட்டினார். நிரூபிக்கறதுக்கும் காட்டறதுக்கும் என்ன வித்தியாசம்? இந்த எபிசோடே அந்தக் கேள்விதான்.

அதுக்கு முன்னாடி என் சொந்தக் கதை ஒண்ணு. நான் ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு கணக்குக்கு எனக்கு 84 வந்தது. கைடு புத்தகத்தோட விடைப் பகுதியில 48. மறுபடி போட்டேன், 84. மூணாவது தடவையும் 84. கடைசியில என்ன பண்ணினேன் தெரியுமா? நடுவுல ஒரு வரியை அழிச்சு, எப்படியோ இழுத்துப் பிடிச்சு 48-ல கொண்டு வந்து நிறுத்தினேன். ரெண்டு வருஷம் கழிச்சு என் தங்கச்சி வாங்கின புதுப் பதிப்புல அதே கணக்கைப் பார்த்தேன். விடை 84. அச்சுப் பிழையைத் திருத்தியிருந்தாங்க. என் பிழையை யார் திருத்துவாங்க? சரியா போட்ட கணக்கை நானே அழிச்சிருந்தேனே.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னைக்கு வரப்போற கதையிலயும் ஒரு விடைப் பகுதி இருக்கு. அதைக் கிட்டத்தட்ட இருநூத்தி முப்பது வருஷம் யாராலும் உடைக்க முடியலை.

பகா எண்ணா, பகு எண்ணா?

பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். 1-ஆலயும் தன்னாலயும் மட்டும் மீதியில்லாம வகுபடறது பகா எண்: 7, 31 மாதிரி. வேற காரணிகளும் இருந்தா அது பகு எண்: 15-ன்னா 3 × 5.

அரிசிக் கணக்குல வர்ற மொத்தங்களைப் பாருங்க. ரெண்டு கட்டம்னா 3. மூணு கட்டம்னா 7. அஞ்சு கட்டம்னா 31. ஏழு கட்டம்னா 127. எல்லாமே பகா எண். கட்டங்களோட எண்ணிக்கை பகு எண்ணா இருந்தா மொத்தமும் கண்டிப்பா பகு எண்தான். நாலு கட்டம்னா 15, ஆறு கட்டம்னா 63. அப்போ கட்டங்களோட எண்ணிக்கை பகா எண்ணா இருந்தா மொத்தமும் பகா எண்தானே? ரொம்ப இயல்பா தோணற முடிவு. ஆனா தப்பு. 11 கட்டத்துக்கு மொத்தம் 2047. அது 23 × 89. 16-ஆம் நூற்றாண்டிலேயே இது அச்சாகிவிட்டது. ஆக, 11 வரைக்கும் வேலை செய்யற ஒழுங்கு 11-ல உடைஞ்சுடுது. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணையும் தனித்தனியா சோதிச்சுத்தான் ஆகணும்.

எதுக்கு இந்த எண்கள் மேல இவ்வளவு ஆசை? அதுக்குக் காரணம் யூக்ளிட். 6-ஐ எடுத்துக்கோங்க. தன்னைத் தவிர்த்த காரணிகள் 1, 2, 3. கூட்டினா 6. அடுத்தது 28. 1, 2, 4, 7, 14-ஐக் கூட்டினா 28. கிரேக்கர்கள் இவற்றை நிறைவான எண்கள் என்று அழைத்தார்கள். நம்ம அரிசி மொத்தம் எப்பெல்லாம் பகா எண்ணா வருதோ, அப்பெல்லாம் அதிலிருந்து ஒரு நிறைவான எண்ணை உருவாக்கலாம்னு யூக்ளிட் நிரூபிச்சார். 3-லிருந்து 6, 7-லிருந்து 28. அதனால, 67 கட்டத்தோட மொத்தம் பகா எண்ணுன்னா, 41 இலக்கத்துல ஒரு நிறைவான எண் நமக்குக் கிடைக்கும். ரெண்டாயிரம் வருஷப் பழைய ஆசை அது.

பாரிஸ் துறவியின் பட்டியல்

மரின் மெர்சென். 1588-ல பிறந்த பிரெஞ்சுத் துறவி. பாரிஸில் ஒரு மடத்தில் இருந்தார். அறிவியல் பத்திரிகைகள் இல்லாத காலம் அது. யார் என்ன கண்டுபிடிச்சாங்கன்னு தெரியணும்னா கடிதம்தான். அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் மெர்சென் மேஜையைக் கடந்துதான் போகும். டேக்கார்ட் அவருக்கு எழுதினார், ஃபெர்மா எழுதினார், கலிலியோவோடயும் தொடர்பு இருந்தது. ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்திருந்தா, அட்மின் இவர்தான்.

1644-ல அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் முன்னுரையில் ஒரு பட்டியல். 257 கட்டம் வரைக்கும் எந்தெந்தப் பலகையோட மொத்தம் பகா எண்ணுன்னு சொன்னார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இந்தப் பதினொண்ணு மட்டும்தான், மத்ததெல்லாம் பகு எண்.

257-ங்கிற மொத்தம் 78 இலக்கம் ஓடும். 1644-ல இருந்தது பேனா, மை, காகிதம். எப்படிக் கண்டுபிடிச்சார்? அந்தப் பட்டியலுக்கு அவர் நிரூபணம் எதுவும் தரலை. இன்னும் ஒண்ணு. 15, 20 இலக்கமுள்ள ஒரு எண் பகா எண்ணா இல்லையான்னு சோதிக்க எல்லாக் காலமும் சேர்ந்தாலும் போதாதுங்கற கருத்தையும் அதே மெர்சென்தான் சொல்லியிருக்கார். ஆனா அவர் பட்டியல்ல நுழைச்ச 67-ஆம் எண்ணுக்கு 21 இலக்கம்!

இதை மோசடின்னு சொல்ல நான் தயாரில்லை. அவர் ஒரு ஒழுங்கைப் பார்த்தார், அது மேலயும் தொடரும்னு நம்பினார். அந்தக் காலத்து வாசகர்களும் அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. ஏன்னா சொன்னவர் மெர்சென். சோதிச்சுப் பார்க்கலாம்னா, எப்படிச் சோதிக்கறது?

வடிகட்டி

நேரடி வழி என்னன்னா, ஒவ்வொரு எண்ணாலயும் வகுத்துப் பார்க்கறது. நம்ம எண்ணுக்கு ஏறத்தாழ 1,215 கோடி வரைக்கும் போகணும். ஒருத்தரோட ஆயுள்ல முடியாது.

ஆனா 1640 வாக்கில் ஃபெர்மா ஒரு அருமையான வடிகட்டியைக் கண்டுபிடிச்சிருந்தார். கட்டங்களோட எண்ணிக்கை 2-ஐ விடப் பெரிய பகா எண்ணா இருந்தா, மொத்தத்தோட எந்தக் காரணியும் அந்த எண்ணிக்கையோட ரெட்டிப்பால வகுத்தா மீதி 1 தரணும். 11 கட்டத்துல பாருங்க, ரெட்டிப்பு 22. 23-ஐ 22-ஆல வகுத்தா மீதி 1. 89-ஐ 22-ஆல வகுத்தாலும் மீதி 1. இதே வடிகட்டியை வெச்சுத்தான், பகா எண்கள்னு இத்தாலியர் கட்டால்டி அறிவிச்சிருந்த 23-ஆவதும் 37-ஆவதும் தப்புன்னு ஃபெர்மா காட்டினார். ஒண்ணு 47-ஆல வகுபடும், இன்னொண்ணு 223-ஆல.

நம்ம 67-க்கு ரெட்டிப்பு 134. அதாவது 135, 269, 403ன்னு 134 தாவித் தாவிப் போனா போதும். நடுவுல இருக்கறதை எல்லாம் விட்டுடலாம். இன்னொரு விதியும் சேர்ந்தா, இதுலயும் பாதி கழிஞ்சுடும்: காரணியை 8-ஆல வகுத்தா மீதி 1 அல்லது 7-ஆகத்தான் இருக்கணும்.

இதே மாதிரி வடிகட்டிகளை வெச்சு 1772-ல ஆய்லர் 31-ஆவதைத் தீர்த்து வெச்சார். அந்த எண் 2147483647. புரோகிராமிங் பண்றவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. ஆமா, 32-பிட் இன்டிஜரோட உச்ச வரம்பு அதுதான். அது பகா எண்தான்னு ஆய்லர் காட்டினார். மெர்சென் சொன்னது சரியா இருந்தது. அவர் பட்டியல் மேல நம்பிக்கை இன்னும் ஏறிடுச்சு.

31-க்கு பத்து இலக்கம்தான். 67-க்கு 21. அந்த வடிகட்டியோட ஓட்டைகள் வழியா விழறதுகூட லட்சக்கணக்குல இருக்கும். அதனால அதைத் தொட ஆளில்லை.

குற்றவாளி இருக்கார், பெயர் தெரியாது

அடுத்த ஆள் எதுவார் லூக்கா. உங்களுக்கு இவரைத் தெரியும், பேர்தான் தெரியாது. டவர் ஆஃப் ஹனாய் புதிரை உருவாக்கினவர் இவர். மூணு கம்பி, மேல மேல அடுக்கின தட்டுகள், பெரிய தட்டைச் சின்னத்து மேல வைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்சவங்க எல்லாரும் இதை ரிகர்ஷன்ல எழுதியிருப்பீங்க. 67 தட்டை நகர்த்தக் குறைந்தபட்சம் எத்தனை நகர்வு தேவை? சரியா நம்ம எண்தான். விநாடிக்கு ஒரு நகர்வுன்னு வெச்சாலும் சுமார் நாலே முக்கால் லட்சம் கோடி வருஷம் ஆகும். பிரபஞ்சத்தோட வயசு அதுல முந்நூத்துல ஒரு பங்குகூட இல்லை.

1876-ல லூக்கா ஒரு புது வழி கண்டுபிடிச்சார். காரணியைத் தேடாமலே, எண் பகா எண்ணா இல்லையான்னு சொல்ற சோதனை. 20-ஆம் நூற்றாண்டில் டெரிக் லெஹ்மர் அதை இன்னும் எளிமையாக்கினார். அந்த வடிவத்தை இப்பவே போட்டுப் பார்க்கலாம். 4-ல ஆரம்பிங்க. வர்க்கப்படுத்துங்க, 2-ஐக் கழிங்க, சோதிக்கற எண்ணால வகுத்து மீதியை எடுங்க. திரும்பத் திரும்ப இதையே பண்ணுங்க. கட்டங்களோட எண்ணிக்கையில ரெண்டு குறைச்சா எவ்வளவோ, அத்தனை தடவை. கடைசியில சைபர் வந்தா பகா எண். வரலைன்னா இல்லை.

அஞ்சு கட்டம், எண் 31. மூணு தடவை பண்ணணும். 4-லிருந்து 14. 14-லிருந்து 194, அதை 31-ஆல வகுத்தா மீதி 8. 8-லிருந்து 62, மீதி சைபர். 31 பகா எண். பதினொரு கட்டத்துக்கு ஒன்பது தடவை. போட்டுப் பார்த்தீங்கன்னா கடைசியில 1736 வரும். சைபர் இல்லை. 2047 பகு எண்.

இதுல ஒரு விசித்திரம் கவனிச்சீங்களா? 1736-ங்கிற விடையை எவ்வளவு நேரம் உத்துப் பார்த்தாலும் அதுல 23-ம் தெரியாது, 89-ம் தெரியாது. பகு எண்ணுன்னு தெரியும், எதுல வகுபடும்னு தெரியாது. ஒரு கொலை நடந்தது உறுதி, ஆனா யார் பண்ணாங்கன்னு தெரியாது. அந்த மாதிரி.

லூக்கா 1876-ல தன் முறையை வெச்சு ரெண்டு முடிவு சொன்னார். 127-ஆவது, அதாவது 39 இலக்க எண், பகா எண்தான். அது 1951 வரைக்கும் தெரிஞ்ச பகா எண்கள்லயே மிகப் பெரியதா இருந்தது. ரெண்டாவது முடிவு: 67-ஆவது பகா எண் இல்லை. மெர்சென் தப்பு.

ஆனா காரணி எங்கே? லூக்காகிட்ட இல்லை. அவரை நம்பணும்னா, அவர் முறையைப் புரிஞ்சுக்கணும். அப்புறம் 21 இலக்க எண்களை வெச்சு அந்த நீண்ட கணக்கை முழுசா மறுபடி போடணும். ஒரே ஒரு இடத்துல ஒண்ணு தவறினாலும் முடிவு குப்பை. அதனால பலருக்கும் இது எப்படி இருந்திருக்கும்? முன்னாடி மெர்சென் சொன்னார், நம்பினோம். இப்ப லூக்கா சொல்றார், நம்பறோம். பெயர் மாறிச்சு, நம்பறது மாறலை.

இதுக்கு நடுவுல 1883-ல பெர்வூஷின்ங்கிற ரஷ்யப் பாதிரியார், மெர்சென் பட்டியல்லயே இல்லாத 61-ஆவது பகா எண்ணுன்னு நிரூபிச்சார். உடனே ஒரு வாதம் கிளம்பிச்சு. மெர்சென் 61-ன்னுதான் எழுதியிருப்பார், அச்சுல 67-ன்னு ஆயிருக்கும்! பெரிய மனுஷர் தப்பு பண்ணியிருக்க மாட்டார், அச்சுக் கோத்தவர்தான் பண்ணியிருப்பார். எனக்கு இந்த வாதத்தைப் படிக்கும்போது என் கைடு புத்தகம்தான் ஞாபகம் வந்தது.

கரும்பலகை

1903, அக்டோபர் 31. நியூயார்க். அமெரிக்கக் கணிதக் கழகத்தோட கூட்டம். ஃப்ராங்க் நெல்சன் கோல், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர், அந்தக் கழகத்தோட செயலாளரும் அவர்தான். பெரிய எண்களைக் காரணிப்படுத்தறது பத்தி அவரோட உரை.

பிரபலமான கதை இப்படிப் போகும். கோல் எழுந்து போனார். வாய் திறக்கலை. கரும்பலகையோட ஒரு பக்கத்துல 2-ஐ 67 தடவை பெருக்கின விடையைப் போட்டு, அதுல ஒண்ணைக் கழிச்சார். அப்புறம் காலியா இருந்த இன்னொரு பக்கத்துக்குப் போய் ரெண்டு எண்களை எழுதினார்:

193707721 × 761838257287

வரி வரியாப் பெருக்கினார். ரெண்டு விடையும் ஒண்ணாச்சு. சாக்பீஸை வெச்சுட்டுப் போய் உட்கார்ந்தார். அரங்கமே கைதட்டிச்சு. யாரும் ஒரு கேள்வி கேட்கலை.

கேள்வி கேட்க என்ன இருக்கு? வடிகட்டியில போட்டுப் பாருங்க. 193707721-ல ஒண்ணைக் கழிச்சு 134-ஆல வகுத்தா, சரியா 1445580. மீதி இல்லை. பெரிய காரணியும் அப்படித்தான். ஃபெர்மா 1640-ல போட்டுக் கொடுத்த பாதையில, பதினாலு லட்சத்துக்கும் மேல தாவின இடத்துல அது உட்கார்ந்திருந்தது. கோல் ஒவ்வொண்ணா வகுத்துப் பார்க்கலை. இருபடி எச்சங்கள்னு சொல்ற கருவியை வெச்சு வடிகட்டியோட கண்ணியை இன்னும் இன்னும் இறுக்கிக்கிட்டே போனார். இதுக்கு எவ்வளவு காலம் ஆச்சுன்னு பின்னாடி கேட்டதுக்கு, மூணு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்னு சொன்னாராம். அதாவது நூத்தி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள்.

இப்ப லூக்காவையும் கோலையும் பக்கத்துல நிறுத்துங்க. ரெண்டு பேரோட முடிவும் ஒண்ணுதான்: பகு எண். லூக்கா சொன்னதைச் சரிபார்க்க நீங்க ஒரு கணித நிபுணரா இருக்கணும். கோல் சொன்னதைச் சரிபார்க்க அஞ்சாம் வகுப்புப் பெருக்கல் போதும். கோல் யாரு, எந்தப் பல்கலைக்கழகம், நல்லவரா கெட்டவரா, எதுவும் தேவையில்லை. தேடறதுக்கு மூணு வருஷம், சரிபார்க்கறதுக்கு ஒரு மணி நேரம்.

கதையைச் சரிபார்த்தா?

இந்த இடத்துல நான் நிறுத்தியிருந்தா நல்ல எபிசோடு. ஆனா எண்ணைச் சரிபார்க்கச் சொல்லிட்டு, கதையை மட்டும் அப்படியே விழுங்கினா நியாயமில்லை.

அந்த மௌன உரைக் காட்சி இவ்வளவு பிரபலமானது எரிக் டெம்பிள் பெல் எழுதின புத்தகத்தால. வெளியான வருஷம் 1951. அதாவது நிகழ்ச்சி நடந்து 48 வருஷம் கழிச்சு. பெல் அந்த அரங்கத்துல இருந்தாரா? இல்லை. 1903-ல அவர் கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் மாணவர். கொலம்பியாவுக்கு வந்தது அப்புறம்தான். ஞாயிற்றுக்கிழமைப் பதிலை 1911-ல கோல் தன்கிட்டயே நேர்ல சொன்னதா பெல் எழுதறார். ஆனா அந்த மௌனம், அந்தக் கைதட்டல், இதெல்லாம் அவர் கண்ணால பார்த்தது இல்லை. அது மட்டுமில்ல, கணித மேதைகளோட வாழ்க்கையைச் சுவையாச் சொல்றதுக்காக பெல் உண்மைகளை இஷ்டத்துக்கு வளைச்சவர்னு பின்னாடி வந்த வரலாற்று ஆசிரியர்கள் அவரைக் கடுமையா விமர்சிச்சிருக்காங்க. கல்வா பத்தி அவர் எழுதினது இதுக்கு நல்ல உதாரணம்.

அந்தக் கூட்டம் நடந்தது உண்மை. கோலோட கட்டுரை அதே 1903-ல கழகத்தோட இதழ்ல அச்சாச்சு. காரணிகள் அதுல இருக்கு. அவர் முறையையும் அதுல விளக்கியிருக்கார். ஆக, வாயே திறக்காத மேதைன்னு நாம கொண்டாடறவர், காகிதத்துல பொறுமையா விளக்கம் எழுதினவர்தான். என்னைக் கேட்டா எனக்கு அந்தக் கோலைத்தான் இன்னும் பிடிக்குது. 1920-ல செயலாளர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்குப் பரிசா ஒரு தொகை கொடுத்தாங்க. அதை அவர் கழகத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அந்தப் பணத்துல ஆரம்பிச்சதுதான் இயற்கணிதத்துக்கும் எண் கோட்பாட்டுக்கும் இன்னைக்கும் தர்ற கோல் பரிசு.

மெர்சென் பட்டியல் என்னாச்சுன்னு கேட்பீங்க. 1947-க்குள்ள 257 வரைக்கும் முழுசா சோதிச்சு முடிச்சாங்க. 67-ம் 257-ம் தப்பா உள்ள வந்தது. 61, 89, 107 தப்பா வெளிய போனது. மொத்தம் அஞ்சு பிழை. 303 வருஷம் ஆச்சு அதைச் சொல்ல. ஆனாலும் இந்த வகை எண்களுக்கு இன்னைக்கும் மெர்சென் எண்கள்னுதான் பேரு. அது நியாயம்னுதான் நினைக்கிறேன். தப்பான பட்டியல்தான், ஆனா அதுதான் மூணு நூற்றாண்டுக்கு எல்லாருக்கும் ஹோம்வொர்க் கொடுத்தது.

உங்க பாக்கெட்டில்

பெருக்கறது சுலபம், பிரிக்கறது கஷ்டம். கோலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ன இந்த வித்தியாசத்தை, 1977-ல எம்.ஐ.டி.யில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன்னு மூணு பேர் ஒரு பூட்டா மாத்தினாங்க. ஆர்.எஸ்.ஏ. ரெண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை மட்டும் ஊருக்கே காட்டலாம். பிரிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் பூட்டு திறக்கும். அந்த வருஷமே 129 இலக்க எண் ஒண்ணை சவாலா வெளியிட்டாங்க. 1994-ல அது உடைஞ்சது. இணையம் வழியா சுமார் 600 தன்னார்வலர்களோட கம்ப்யூட்டர்கள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. இன்னைக்குப் பல இணையதளங்கள் பயன்படுத்தற ஆர்.எஸ்.ஏ. எண்ணுக்கு 617 இலக்கம்.

மெர்சென் எண்களைத் தேடறதும் நிக்கலை. 2024 அக்டோபர்ல அறிவிச்சது 136279841-ஆவது மெர்சென் எண். அது பகா எண், இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல. எனக்குப் பிடிச்ச விஷயம், அறிவிக்கறதுக்கு முன்னாடி அவங்க செஞ்சது. வேற வேற கம்ப்யூட்டர்ல, வேற வேற மென்பொருள்ல மறுபடி மறுபடி சோதிச்சாங்க. ஒரு மெஷின் சொன்னதை மட்டும் நம்பலை.

நம்பக் கூடாது, நிஜமாவே. உங்க பிரவுசரோட ஜாவாஸ்கிரிப்ட் கன்சோலைத் திறந்து, சாதாரண எண்களாவே 2-இன் 67-ஆம் அடுக்குல ஒண்ணைக் கழிக்கச் சொல்லுங்க. கடைசி நாலு இலக்கமும் சைபரா வரும். ஒண்ணைக் கழிச்சாலும் கழிக்காட்டியும் ரெண்டும் சமம்னு அடிச்சுச் சொல்லும். அந்த வடிவத்துல அவ்வளவு இலக்கத்தை அதால துல்லியமா வெச்சுக்க முடியாது, அதான் காரணம். இந்த எபிசோடுக்காக முதல்ல அதைத்தான் பண்ணினேன், விடையைப் பார்த்து ஒரு நிமிஷம் குழம்பியும் போனேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஏ4 தாளைப் படுக்கை வசமா வெச்சு உட்கார்ந்தேன். பெரிய காரணியைச் சின்னதால பெருக்கணும். பார்த்தா பயமா இருக்கே தவிர, சின்னதுல இருக்கிற இலக்கங்கள் 1, 9, 3, 7, 0, 7, 7, 2, 1. அதனால 2, 3, 7, 9-ஆல பெருக்கி வெச்சுக்கிட்டா போதும். 7-ஆல பெருக்கினா 5332867801009. அதை மூணு இடத்துல தள்ளித் தள்ளி எழுதினா மூணு வரி முடிஞ்சது.

முதல் தடவை தப்பா வந்தது. எப்படித் தெரிஞ்சதுன்னா, பாட்டி காலத்து ஒன்பது கணக்கு. சின்னதோட இலக்கங்களைக் கூட்டினா 37, மறுபடி கூட்டினா 10, அப்புறம் 1. பெரியதுக்கு 64, 10, 1. ஒண்ணை ஒண்ணால பெருக்கினா 1. அப்போ என் விடையோட இலக்கக் கூட்டலும் கடைசியில 1-ல முடியணும். எனக்கு 3 வந்தது. 9-ஆல பெருக்கின வரியில கைமாற்று ஒண்ணை விட்டிருந்தேன். திருத்திட்டு மறுபடி கூட்டினேன். 109. பத்து. ஒண்ணு. ஆனா இதுல பாஸ் ஆனா மட்டும் விடை சரின்னு ஆயிடாது. அதனால இன்னொரு தாள்ல 2-ஐ இரட்டிச்சுக்கிட்டே போய், ஒண்ணைக் கழிச்சு, ரெண்டு தாளையும் பக்கத்துல வெச்சேன். 21 இலக்கமும் ஒண்ணு. மொத்தம் ஐம்பது நிமிஷம்.

நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடி தீர்ந்த கணக்கை மறுபடி போட்டு என்ன கிடைச்சதுன்னு என் தங்கச்சி கேட்டா. 67-ஆவது மெர்சென் எண் பகு எண்ணுன்னு இப்ப எனக்குத் தெரியும்னு சொன்னேன். முன்னாடி படிச்சிருந்தேன், அவ்வளவுதான். அவ அந்தத் தாளை வாங்கிப் பார்த்துட்டு, கீழே சின்னதா 84-ன்னு எழுதிக் கொடுத்தா.

உங்ககிட்ட ஒரு தாளும் ஒரு சாயந்திரமும் இருந்தா, நீங்களும் போட்டுப் பாருங்க. நான் சொன்னேன்னு நம்பாதீங்க. நான் எங்கேயாவது ஒரு இலக்கத்தைத் தப்பா படிச்சிருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடு ஆரம்பத்துலயே திருத்திச் சொல்றேன். அதுவரைக்கும், வணக்கம்.